22 வாளி சந்தோஷம்

பரமக்குடியிலிருந்து ஒரு சனி, ஞாயிறில் போய் நனைந்து வர ராமேசுவரம் கோயில் தீர்த்தங்கள். அவற்றுக்குப் பின்னால் இருக்கும் கைகள், கயிறு, மணல், மழை பற்றி ஒரு பார்வை.

"தலையக் குனிங்கம்மா… பாப்பா, வாயை மூடிக்க… ஆச்சு!"

சொல்லி முடிப்பதற்குள் மேலிருந்து தொபீரென்று ஒரு வாளித் தண்ணீர்! ஜில்லிப்பில் மூச்சு ஒரு நொடி அப்படியே நிற்கும். அடுத்த நொடி தொண்டையிலிருந்து ஒரு கூச்சல் கிளம்பும் பாருங்கள், அதற்குச் சின்னவர் பெரியவர் வித்தியாசமே கிடையாது. ஒன்றாம் வகுப்புப் பேத்தியும் அவளைக் கைப்பிடித்து நிற்கும் அப்பத்தாவும் ஒரே சுருதியில் கத்துவார்கள். கண்ணில் வழிவதைத் துடைத்து நிமிர்வதற்குள், "வாங்க வாங்க, அடுத்த கிணறு!" என்று வாளிக்காரர் பத்தடி தூரம் போயிருப்பார். ஈரப் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டும் மொத்தக் குடும்பமும் சொட்டச் சொட்டப் பின்னால் ஓடும். இப்படி 22 தீர்த்தம். எல்லாம் ஒரே கோயில் மதிலுக்குள்!

வாரம் முழுக்கத் தறிச் சத்தத்திலேயே கிடக்கிற எமனேஸ்வரத்துப் பிள்ளைகளும் சரி, பரீட்சை, டியூஷன் என்று சோர்ந்துபோன பரமக்குடிப் பிள்ளைகளும் சரி, சனிக்கிழமை ஆனால் கேட்பது ஒன்றைத்தான். "தண்ணியில ஆடுற இடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க!" மதுரைப் பக்கம் பரவையில் 'அதிசயம்' இருக்கிறது. மேட்டுப்பாளையத்தில் 'பிளாக் தண்டர்' இருக்கிறது. திருப்போரூர் அருகே 2025 டிசம்பரில் 'வொண்டர்லா' வந்திருக்கிறது. எல்லாம் ஆசையைத் தூண்டுகிற இடங்கள்தான். ஆனால் நம் ஊரிலிருந்து சுமார் 90 கிலோமீட்டரில், தலைக்கு 25 ரூபாய் தீர்த்தக் கட்டணத்தில், தலைமுறை தலைமுறையாகக் குடும்பம் குடும்பமாக நனைந்து சிரித்துத் திரும்புகிற இடம் ஒன்று நமக்கே நமக்கு என்று இருக்கிறதே!

கோயில் தீர்த்தத்தைக் கொண்டாட்டத்தோடு சேர்த்துப் பேசலாமா என்று ஒரு தயக்கம் சிலருக்கு வரலாம். தயங்கவே வேண்டாம். வைகையில் புதுவெள்ளம் வந்தால் மதுரையே திரண்டு போய் நீராடிக் களித்ததைப் பரிபாடல் பாட்டுப் பாட்டாகச் சொல்கிறது. அதே வைகைதான் பரமக்குடியைத் தாண்டி ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்குப் போகிறது. நீராடுவது புண்ணியமாகவும் இருக்கும், பூரிப்பாகவும் இருக்கும். நம் ஆட்கள் இரண்டையும் ஒருநாளும் பிரித்துப் பார்த்ததில்லை. சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும்போது தண்ணீரைப் பீய்ச்சியடித்துக் குதூகலிக்கிற ஊர்க்காரர்களுக்கு இதை யார் சொல்லித் தரவேண்டும்?

பாலத்திலேயே தொடங்குகிறது

மதுரை–ராமேசுவரம் பாசஞ்சர் ரயிலில் ஏறிவிடுங்கள். கட்டுச்சோற்றுக்குப் புளியோதரை, தொட்டுக்கொள்ளத் துவையல், ஆளுக்கு இரண்டு செட் மாற்றுத்துணி. சத்திரக்குடி, ராமநாதபுரம், உச்சிப்புளி என்று ஒவ்வொரு ஊராகத் தாண்டத் தாண்டப் பனைமரம் கூடும், மண் வெளுக்கும், காற்றில் உப்பு வாசம் ஏறும். மண்டபம் வந்ததும் பெட்டியில் இருக்கிற அத்தனை பேரும் ஜன்னலுக்கு வந்துவிடுவார்கள்.

2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்த புதிய பாம்பன் பாலம் 2 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல் நீளம். கப்பல் வந்தால் நடுவிலிருக்கும் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே கிடைமட்டமாக 17 மீட்டர் உயரத்துக்கு மேலே எழும்பும். செங்குத்தாகத் தூக்கப்படும் கடல் பாலம் இந்தியாவில் இதுதான் முதல். இதற்கு முன்பு ரயில் ஓடியது 1914-இல் திறந்த பழைய பாலத்தில். அது இரண்டு கைகளையும் மேலே விரித்துக் கப்பலுக்கு வழிவிட்ட பாலம். கூடவே 1988 அக்டோபர் 2-இல் திறந்த சாலைப் பாலம். பாலத்தையெல்லாம் பார்த்துவிட்டு, கீழே பச்சையும் நீலமுமாக ஓடும் தண்ணீரைப் பார்த்துப் பிள்ளைகள் போடுகிற சத்தத்தில் ரயில் சத்தமே காதில் விழாது.

சனிக்கிழமை மாலையைத் தனுஷ்கோடிக்குக் கொடுங்கள். அரிச்சல்முனை வரை 2017-இல் தார்ச்சாலை வந்துவிட்டது. மீனவர்கள் இந்தப் பக்கத்து இரண்டு கடலையும் ஆண் கடல், பெண் கடல் என்று பிரித்துச் சொல்வார்கள். மன்னார் வளைகுடா ஆண் கடல். பொங்கிப் புரண்டு வரும். பாக் நீரிணைப் பக்கம் பெண் கடல். பெரும்பாலும் ஆட்டமில்லாமல் அடங்கிக் கிடக்கும். முனையில் நின்றால் இரண்டையும் ஒரே பார்வையில் பிடிக்கலாம். அங்கே காலை மட்டும் நனையுங்கள். நீரோட்டம் ஆளை இழுத்துவிடும்.

திரும்பி வரும் வழியில் ஒன்றைக் கட்டாயம் கேட்டுப் பாருங்கள். 1964 டிசம்பர் புயல் அழித்துப்போட்ட அந்த மணல்வெளியில் இன்றும் மீனவக் குடும்பங்கள் வாழ்கின்றன. குடிதண்ணீருக்கு அவர்கள் என்ன செய்வார்கள்? மணலைக் கையால் சில அடி தோண்டுவார்கள். ஊத்து! இரண்டு பக்கமும் உப்புக் கடல் இருக்க, நடுவில் குடிக்கிற தண்ணீர் மெல்லச் சுரந்து குழியில் நிறையும். அதை மொண்டு குடத்தில் ஊற்றிக்கொள்வார்கள். மறுநாள் கோயிலில் உங்கள் தலையில் விழப்போகிற அத்தனை வாளிக்கும் பின்னால் இருக்கிற ரகசியம் இந்த ஊத்துக்குள்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஞாயிறு, விடிகிற நேரம்

முதல் முழுக்கு கடலில். கோயிலின் கிழக்கே அக்னி தீர்த்தம். பெண் கடல் பக்கம் என்பதால் அலை கணுக்காலைத் தடவிவிட்டுப் போகும், அவ்வளவுதான். சின்னப் பிள்ளைகள்கூடப் பயப்படாமல் இறங்குவார்கள். கிழக்கே சூரியன் தலைகாட்டும்போது கரை முழுக்க மனிதத் தலைகள். இந்தியும் தெலுங்கும் மராத்தியும் வங்காளமும் காதில் விழும். காசிக்குப் போனவர்கள் இங்கே வந்து யாத்திரையை முடிப்பது வழக்கம் என்பதால் நாடே இந்தக் கரையில் நனைந்துகொண்டு நிற்கும்.

கடலிலிருந்து எழுந்து அதே ஈரத்தோடு கோயிலுக்குள். டிக்கெட் வாங்கியதும் ஒருவர் வந்து சேர்ந்துகொள்வார். கையில் ஒரு வாளி, தோளில் சுருட்டிய கயிறு. இவர்களுக்கு ஊரில் யாத்திரைப் பணியாளர்கள் என்று பெயர். இந்தக் காலைப்பொழுதின் கதாநாயகர்கள் இவர்கள்தான்!

வாளிக்குப் பின்னால் ஒரு கை

முதல் இரண்டு கிணற்றில் எதையும் கவனிக்க முடியாது. ஜில்லிப்பும் சிரிப்புமாகவே போய்விடும். மூன்றாவது கிணற்றில் கொஞ்சம் ஒதுங்கி நின்று, அவர் கையை மட்டும் பாருங்கள்.

கிணற்றுச் சுவரில் ஏறுகிறார். கல் வழவழவென்று ஈரம். அதில் வெறுங்காலை அகட்டி ஊன்றிக்கொள்கிறார். வாளி கீழே போகிறது. வெறுமனே இறக்கினால் வாளி தண்ணீரில் மிதக்கும், மூழ்காது. அதனால் தண்ணீரைத் தொடுகிற நொடியில் கயிற்றை ஒரு வெட்டு வெட்டுகிறார். வாளி பக்கவாட்டில் சாய்ந்து 'குபுக்' என்று மொண்டுகொள்கிறது. பிறகு வலக்கை, இடக்கை, வலக்கை என்று மாற்றி மாற்றி இழுப்பு. கடைசி இழுப்பின் வேகத்தில் வாளி தானாகவே மேலே எழும்பிக் கைக்கு வரும். அந்த வேகம் அடங்குவதற்குள் அதைச் சாய்த்து ஊற்றியும் ஆகிவிடும். நிறுத்தி, தூக்கி, அப்புறம் ஊற்றினால் தோள்பட்டை அரை மணியில் விட்டுப்போகும். ஓட்டத்தோடு ஓட்டமாக ஊற்றினால் பாரம் பாதியாகத் தெரியும். உடம்பு தானே கற்றுக்கொண்ட வித்தை இது.

ஊற்றுவதிலும் எத்தனை நுணுக்கம்! நாலு பேர் நெருக்கி நின்றால் வாளியை ஒரு வீச்சாக வீசி நாலு தலையையும் நனைத்துவிடுவார். வயதானவர் என்றால் உச்சந்தலையில் மெதுவாக, ஒழுகுகிற மாதிரி. கைக்குழந்தை என்றால் வாளியைத் தாயின் தோளுக்குச் சாய்த்து, குழந்தைக்கு உள்ளங்கையில் அள்ளித் தெளிப்பு. கல்லூரிப் பையன்கள் கூட்டமாக வந்தால் நெஞ்சில் அறைகிற மாதிரி ஒரே அடி! "அண்ணே, இன்னொண்ணு!" என்று அவர்கள் குதிக்க, இவரும் சிரித்துக்கொண்டே இன்னொரு வாளியை இறக்குவார். யாருக்கு எப்படி ஊற்றவேண்டும் என்பதை முகத்தைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வாளிக்கு ஐந்து லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேர் குடும்பம், தீர்த்தத்துக்குத் தலைக்கு ஒரு வாளி, மொத்தம் 22 தீர்த்தம். கூட்டினால் 550 லிட்டர். அரை டன்னுக்கு மேல்! ஒரே குடும்பத்துக்காக ஒருவர் இவ்வளவையும் கையால் இறைக்கிறார். இந்தக் குடும்பம் துணி மாற்றப் போனதும் அவர் அடுத்த குடும்பத்தோடு முதல் கிணற்றுக்குத் திரும்பிவிடுவார். தீம் பார்க்குகளில் குதிரைத்திறன் கணக்கில் மோட்டார்கள் செய்கிற வேலையை இங்கே மனிதத் தோள்கள் செய்கின்றன. 22 முறை நனைந்து நாம் சிலிர்க்கிறோமே, அதில் ஒவ்வொரு சிலிர்ப்புக்கும் ஒரு ஆளின் மூச்சு செலவாகியிருக்கிறது.

நளன் கிணறு, நீலன் கிணறு

பிள்ளைகளோடு போனால் இந்தப் பகுதியில்தான் களைகட்டும். தீர்த்தங்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே ஓடவேண்டும்.

தொடக்கம் மகாலட்சுமி தீர்த்தம். பிறகு சாவித்திரி, காயத்திரி, சரஸ்வதி. அடுத்து சேதுமாதவ தீர்த்தம். இது கிணறு அல்ல, குளம். கந்தமாதனம் தாண்டினால் வானரப் படை வந்துவிடும்! கவாட்சன், கவயன், நளன், நீலன். இலங்கைக்கு அணை கட்டிய தலைமைப் பொறியாளர் நளன் அல்லவா, அவன் பெயரில் ஒரு கிணறு என்றதும் பிள்ளைகளுக்கு வருகிற குஷியைப் பார்க்கவேண்டும். முந்தைய நாள் பாம்பன் பாலத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் ஆயிற்றே! பாலம் கட்டியவனின் கிணற்றில் ஒரு வாளி கூடுதலாகக் கேட்டு வாங்குகிற பிள்ளைகளும் உண்டு.

சங்கும் சக்கரமும் அடுத்தடுத்து வரும். பிரம்மஹத்தி விமோசனம். பிறகு சூரியன், சந்திரன். அப்புறம் கங்கை, யமுனை, கயை. வடநாட்டிலிருந்து இரண்டு மூன்று நாள் ரயிலில் வந்தவர்கள் தங்கள் ஊர் ஆற்றின் பெயரைத் தென்கோடித் தீவில் ஒரு கிணற்றின் மேல் பார்த்ததும் முகம் மலர்ந்துபோவார்கள். சிவ தீர்த்தம், சத்யாமிர்தம், சர்வ தீர்த்தம் என்று முடிந்து, கடைசியாகக் கோடி தீர்த்தம். சிவலிங்கத்துக்கு அபிஷேகம் செய்யத் தண்ணீர் வேண்டி ராமர் வில்லின் நுனியால் நிலத்தைத் துளைத்தபோது பீறிட்டது என்பது தலபுராணம். அம்பறாத்தூணியில் இருந்த 22 அம்புகளுக்கு 22 தீர்த்தம் என்றும் சொல்வார்கள். கோடி தீர்த்த நீரை மட்டும் வீட்டுக்கு எடுத்துப்போகிறார்கள். காசிக்கும்கூட இந்தத் தண்ணீர் பயணம் போகிறது.

ஒவ்வொரு கிணற்றிலும் தண்ணீர் ஒரே மாதிரி இருக்காது. ஒன்று எலும்பு வரை குளிரும். அடுத்தது வெதுவெதுப்பாக இருக்கும். ஒன்றில் உதட்டை நனைத்தால் லேசான கரிப்பு. பத்தடி தள்ளி இன்னொன்றில் தித்திப்பு. "இது நல்லா இருக்கு", "அது ஜில்லு" என்று பிள்ளைகள் மார்க் போட்டுக்கொண்டே வருவார்கள்.

கூரையின் கீழே ஒரு நீர் ஓட்டம்

கிணற்றுக்குக் கிணறு ஓடுகிற பாதையில் கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். மூன்றாம் பிராகாரம்! கிழக்கு மேற்காகச் சுமார் 690 அடி, வடக்கு தெற்காகச் சுமார் 435 அடி, உயரம் சுமார் 22 அடி, 1,212 தூண்கள். 18-ஆம் நூற்றாண்டில் ராமநாதபுரம் முத்துராமலிங்க சேதுபதி முடித்து வைத்தது. ஒரு முனையில் நின்றால் மறுமுனையில் வருகிறவர் புள்ளியாகத்தான் தெரிவார். மணலும் பவளப்பாறையும் மட்டுமே இருக்கிற தீவு இது. இத்தனை கருங்கல்லையும் வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டியிருந்தது. அதுவும் பாலமே இல்லாத காலத்தில், கடலைத் தாண்டி!

வெளியே பங்குனி வெயில் மண்டையைப் பிளந்தாலும், ஐப்பசி மழை கொட்டினாலும், இந்தக் கல் கூரைக்குள் ஓடிப் பிடித்து நனையலாம். கூரைக்குள் தண்ணீர்க் கொண்டாட்டம் என்ற ஆசை உலகத்துக்கே உண்டு. ஜெர்மனியில் 'டிராபிகல் ஐலண்ட்ஸ்' என்று ஓர் இடம். ஆகாயக் கப்பல் கட்டுவதற்காக எழுப்பிய பிரம்மாண்டக் கொட்டகை. 360 மீட்டர் நீளம், 107 மீட்டர் உயரம். அந்தத் தொழில் நின்றுபோகவே, உள்ளே மணலும் குளமும் செடிகொடிகளுமாக ஒரு வெப்பநாட்டுத் தீவையே உருவாக்கி 2004 டிசம்பரில் திறந்தார்கள். வெளியே பனி கொட்டும். உள்ளே குடும்பங்கள் நீந்தும். ஜப்பானில் மியாசாகியில் 'ஓஷன் டோம்' என்று 1993-இல் கட்டினார்கள். திறந்து மூடுகிற கூரை, செயற்கைக் கடற்கரை, இயந்திரம் எழுப்புகிற அலை. நிஜக் கடல் கொஞ்ச தூரத்தில்தான் இருந்தது! அது 2007-இல் மூடப்பட்டது.

அப்படிப்பட்ட இடங்களின் திரையை விலக்கிப் பார்த்தால் பம்பு, வடிகட்டி, கொதிகலன், குளோரின், மின்சார பில். ராமேசுவரத்தில் திரையை விலக்கினால் என்ன இருக்கிறது? அந்த ஊத்துக்கு வருவோம்.

மணல் பிடித்துவைத்த மழை

சுற்றிலும் கடல். கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் அக்னி தீர்த்தம், முழு உப்பு. உள்ளே கிணறுகளில் மட்டும் நல்ல தண்ணீர் எப்படி?

இந்தத் தீவுக்கு ஆறு கிடையாது. வருவதெல்லாம் மழைதான், அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை வடகிழக்குப் பருவமழை. பெய்கிற மழையை மணல் ஓடவிடாமல் உறிஞ்சிக்கொள்கிறது. இறங்கிய மழைநீர் அடியில் ஏற்கெனவே ஊறிக் கிடக்கிற கடல்நீரைச் சந்திக்கிறது. கடல்நீர் நல்ல தண்ணீரைவிடச் சுமார் இரண்டரை சதவீதம் கனம். கனமானது கீழே நிற்கும், லேசானது மேலே நிற்கும். அவ்வளவுதான் சூட்சுமம்! மணல் துகள்களுக்கு இடையில் அலையாட்டம் இல்லாததால் இரண்டும் சீக்கிரம் கலப்பதில்லை. உப்புநீரின் மேல் மழைநீர் மிதந்துகொண்டே இருக்கிறது. இதன் கணக்கை 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் டச்சுக்காரர் கைபனும், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியர் ஹெர்ஸ்பெர்க்கும் தனித்தனியாக எழுதிவைத்தார்கள். கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடிக்கு நல்ல தண்ணீர் நிற்கும்.

தனுஷ்கோடியில் மணலைக் கையால் தோண்டும் மீனவப் பெண்களுக்கு இந்தக் கணக்கு யாரும் சொல்லித் தராமலே தெரியும். அதிகம் ஆழமாகத் தோண்டக் கூடாது, அவசரமாக மொள்ளக் கூடாது. மீறினால் உப்பு வந்துவிடும்.

கைபன் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள், தூக்கிவாரிப் போடும். மேலே ஓர் அடி தண்ணீரைக் குறைத்தால் கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறும்! ராட்சச மோட்டார் போட்டு உறிஞ்சினால் கிணறு கரித்துப்போகும். வாளியும் கயிறும் அப்படிச் செய்வதில்லை. மேல்தண்ணீரை மட்டும் அளவாக மொண்டு, ஊறுவதற்கு நேரம் கொடுத்து, மறுபடி மொள்கின்றன. யாத்திரைப் பணியாளரின் கை எப்போதோ பழகிக்கொண்ட அந்த வேகம்தான் இந்தத் தீவின் மணலுக்கும் ஒத்துப்போகிற வேகம். நான் இந்தக் கிணறுகளைப் பார்த்து வாயைப் பிளப்பது இந்த இடத்தில்தான். போன ஐப்பசியில் மேகத்திலிருந்து விழுந்தது, மணலுக்குள் மாதக்கணக்கில் காத்திருந்து, ஒரு மனிதரின் கை வழியாக ஞாயிற்றுக்கிழமை காலை உங்கள் பிள்ளையின் தலையில் விழுகிறது. இப்படி ஒரு ஏற்பாட்டை எந்தப் பொறியாளரும் எந்தப் பணத்தைக் கொட்டியும் புதிதாகச் செய்துவிட முடியாது.

அதனால்தான் இதைக் காப்பாற்றுவதும் நம் கையில் இருக்கிறது. கோயிலுக்கு வெளியிலும் தீவு முழுக்கப் பழைய தீர்த்தக் குளங்கள் உண்டு. தூர்ந்து கிடந்த பலவற்றை விவேகானந்த கேந்திரம் தூர்வாரிச் சீர்செய்திருக்கிறது. ஒவ்வொரு குளமும் மழையை மண்ணுக்குள் அனுப்புகிற வாசல். அந்த வாசல்களில் ஒன்றிரண்டையாவது பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பிளாஸ்டிக் பையையும் பழைய துணியையும் கடற்கரையில் விட்டுவராதீர்கள். விடுதியில் குழாயைத் திறந்துபோட்டுவிட்டுப் பல் தேய்க்காதீர்கள். அந்தத் தண்ணீருக்கும் இந்தத் தீவில் அவ்வளவு அருமை உண்டு.

போகிறவர்களுக்கு

கனமான பட்டுப்புடவை, ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் கல்லாய்க் கனக்கும், காயாது. மெல்லிய பருத்தி உடை, அடர்ந்த நிறத்தில் இருந்தால் உத்தமம். சோப்பு, ஷாம்பு, எண்ணெய் கிணற்றடிப் பக்கமே வரக் கூடாது. கல் தரை வழுக்கும்; ஓடுகிற ஆசையில் பிள்ளைகளின் கையை விட்டுவிடாதீர்கள். பெரியவர்களை நடுவில் விட்டு முன்னும் பின்னும் இளவட்டங்கள் நின்றால் சரியாக இருக்கும். செல்போன் கோயிலுக்குள் கூடாது, அறையிலேயே வைத்துவிடுங்கள். படம் எடுக்கிற கவலை இல்லாமல் நனைவதில் இருக்கிற நிம்மதி தனி!

ஈரத்துணியோடு மூலவர் சந்நிதிக்குப் போக முடியாது. 22-உம் முடிந்ததும் உடை மாற்றிக்கொண்டுதான் தரிசனம். ஸ்படிக லிங்க தரிசனம் வேண்டும் என்றால் அது விடியற்காலை 5 மணிக்குத் தொடங்கி ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதைப் பார்த்துவிட்டுக் கடலுக்குப் போய்த் தீர்த்தமாட வரலாம். ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை, தை அமாவாசை நாட்களில் கூட்டம் கடலாய்ப் பொங்கும்; குழந்தைகளோடு அன்றைக்கு வேண்டாம்.

மழை முடிந்த மார்கழியும் தையும் கிணறுகள் நிறைந்து நிற்கிற காலம். எட்டிப்பார்த்தால் தண்ணீர் முகத்துக்கு அருகில் தெரியும், கயிறும் கொஞ்சமாகத்தான் இறங்கும், வாளி சட்சட்டென்று மேலே வரும். பணியாளர்களின் தோளுக்கும் அப்போது சற்று ஓய்வு. இன்னொன்றையும் மறக்காதீர்கள்: உங்களோடு 22 தீர்த்தமும் ஓடி வந்தவரிடம் பெயர் கேளுங்கள், பிள்ளைகளை விட்டு நன்றி சொல்லச் சொல்லுங்கள். முடித்துவிட்டு வெளியே வந்ததும் வயிறு பசிக்கும் பாருங்கள், அப்படி ஒரு பசி! சந்நிதித் தெருவில் ஆவி பறக்கிற இட்லியை எத்தனை தட்டு உள்ளே தள்ளினீர்கள் என்று யாரும் எண்ணப்போவதில்லை.

பெரிய செலவில்லை, நீண்ட பயணமில்லை, முன்பதிவுப் போராட்டம் இல்லை. மனசு வைத்தால் அடுத்த சனிக்கிழமையே பரமக்குடி ஸ்டேஷனில் நிற்கலாம். அப்பத்தாவை மட்டும் வீட்டில் விட்டுப் போய்விடாதீர்கள். கூட்டத்திலேயே சத்தமாகச் சிரிக்கப்போவது அவர்தான்!